மைனா கொத்தும் ஜன்னல்

அத்தியாயம் 14

அண்ணன் தன் கையாலேயே மாடி அறைக்குப் புதுக் கண்ணாடி பதித்துக் கொடுத்ததைப் போன வாரம் படித்துவிட்டு, "பரவாயில்லையே, கூடப் பிறந்த பாசம் எங்கே போகும்" என்று மனம் குளிர்ந்திருந்தீர்களானால், உங்கள் நல்ல மனசுக்கு ஒரு கும்பிடு. நம் நர்ஸும் அப்படித்தான் குளிர்ந்துபோயிருந்தாள்.

புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள் அவள். "மாடி அறை இவளுக்கு. இவளை யாரும் கிளப்பக் கூடாது" என்று அப்பா கண்ணை மூடுவதற்கு முன்னால் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அங்கே ஒண்டியிருக்கிறாள். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி, பகல் முழுக்கத் தூக்கம். அதனால் அண்ணி அவளுக்கு வைத்த பெயர் ராக்கோழி.

அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புதுப் பொண்டாட்டியோடு அவன் எங்கே குடியிருப்பான் என்ற பேச்சு அந்த வீட்டில் மாதக்கணக்காகப் புகைந்துகொண்டிருந்தது. திடீரென்று புகை அடங்கியது. "பகல்ல வெயில் மூஞ்சியில அடிக்குது, பாவம் எப்படித் தூங்குவா" என்று அண்ணன் தன் கண்ணாடிக் கடையிலிருந்து நல்ல சரக்காகப் பார்த்துக் கொண்டுவந்து, ஆள் கூட வைக்காமல் தானே பதித்தான். வெளியிலிருந்து பார்த்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடி. உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். உள்ளிருந்து பார்த்தால் மொட்டை மாடி முழுக்கத் தெரியும்.

"திறக்க வராதாண்ணே?"

"திறந்தா தூசி. காத்துக்கு ஏசி போட்டுடலாம்."

ஏசி இன்னும் வந்தபாடில்லை. மைனா வந்துவிட்டது.

கூடு கட்டி, குஞ்சு பொரித்திருக்கும் நேரத்தில் மைனாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். தன் இடத்துக்கு இன்னொரு மைனா வந்துவிட்டதாக நினைத்தால் உயிரைக் கொடுத்துச் சண்டை போடும். மாடிச் சுவரில் பழைய குழாய் போன ஓட்டை ஒன்றில் அதன் கூடு. ஓட்டைக்குப் பக்கத்திலேயே இந்தப் புதுக் கண்ணாடி. எந்நேரம் பார்த்தாலும் அதற்குள் ஒரு மைனா நின்று முறைத்துக்கொண்டிருந்தால் அதுவும்தான் என்ன செய்யும்? விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை டக், டக், டக். கூடவே ஒரு கத்தல். அலகு உடைந்து கண்ணாடியில் ரத்தம் தீற்றிய பிறகும் அது விடவில்லை.

தூங்கி நாளாகிப்போன நர்ஸ் இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது, அவளுக்கு நடக்கும்போதே கண் சொக்கியது. நேற்று ராத்திரி ஒரு ஆளுக்குப் போட வேண்டிய இன்சுலின் ஊசியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டாள். சட்டையைத் தூக்கிவிட்டு ஊசி இறங்கப் போகிற நேரத்தில், "அம்மா, எனக்கு சர்க்கரையே கிடையாதும்மா" என்று அந்த மனிதரே சொன்னார். அவர் விழித்திருந்ததால் பிழைத்தார். அவளும் பிழைத்தாள், பாதி.

"இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல போன் பண்றேன்," என்று மேட்ரன் சொல்லியிருந்தாள். "பெரிய டாக்டர் பக்கத்துல இருப்பார். உன் பக்கத்து நியாயத்தை அப்போ சொல்லு. எடுக்காம விட்டேன்னு வெச்சுக்க, அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது. வேலை போச்சுன்னு நினைச்சுக்க."

வேலை போனால் எல்லாம் போச்சு. மாடி அறையில் அப்பா வார்த்தை இருக்கிறது. வயிற்றுக்கு அது சோறு போடாது.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மாவின் முனகல் கேட்டது.

"வந்துட்டியாடி? ராத்திரி பூரா முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. கட்டிலை விட்டு எறங்க முடியல."

கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல் சமையலறைக்குப் போய் வெந்நீர் வைத்தாள். தினமும் நடக்கிறதுதான். வேலை முடிந்து வந்ததும் அம்மாவின் இரண்டு முட்டிக்கும் ஒத்தடம், பிறகு களிம்பு தேய்த்தல், பிறகுதான் தன் வாயில் ஒரு வாய் டீ. அம்மா மாடிப் படியேறி வருஷக்கணக்காகிறது. "உன் ரூமை நான் எங்கடி பாத்தேன், அங்க நீ தலைகீழாத் தொங்கினாலும் எனக்குத் தெரியாது" என்று அம்மாவே சொல்லிச் சிரிப்பாள்.

"ஏம்மா, அந்த மைனா சத்தம் உனக்குக் கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. பாவம், நீ எப்படித்தான் தூங்கறியோ. முகம் எப்படிக் கறுத்துப் போச்சு பாரு." அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். "கொஞ்ச நாள் உன் சிநேகிதி எவ வீட்லயாவது போய்த் தங்கேன். தூங்கினாப் போதும்டி கண்ணு."

அம்மா மட்டும்தான் இந்த வீட்டில் நமக்கென்று இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே அவள் களிம்பை மூடினாள்.

மாடிக்குப் போனால், நேற்று கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க ஒட்டிவிட்டுப் போன செய்தித்தாள் ஒன்று கூட இல்லை. டேப் ஒட்டியிருந்த தடம் கூட இல்லை. சுரண்டித் துடைத்தாற்போல் பளிங்காக இருந்தது. மைனா மும்முரமாக வேலையில் இருந்தது. அவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, தடதடவென்று படியிறங்கி அண்ணி முன்னால் போய் நின்றாள்.

"பேப்பரை யாரு அண்ணி கிழிச்சது?"

அண்ணி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "காத்துல போயிருக்கும்."

"காத்து டேப்பையும் சுரண்டி எடுத்துட்டுப் போச்சா?"

"இங்க பாரு ராக்கோழி, உன்னை எனக்குப் பிடிக்காது. அது ஊருக்கே தெரியும். அதுக்காக மாடியில ஏறி பேப்பர் பொறுக்கற அளவுக்கு எனக்கு வேலை வெட்டி இல்லாம இல்ல. திட்டணும்னா மூஞ்சிக்கு நேராத் திட்டத் தெரியும் எனக்கு."

நீங்கள்தான் என்று நர்ஸ் மனசுக்குள் அடித்துச் சொன்னாள். வேறு கண்ணாடி மாற்றித் தரச் சொல்லி அண்ணனிடமே கேட்டுவிடலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அண்ணன் கடையில் எங்கே திரும்பினாலும் ஒரு முகம் தெரியும். சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடிகள். அவள் நுழைந்தபோது கண்ணாடிக்காரனான அண்ணன் மேசைமேல் ஒரு பெரிய கண்ணாடியைப் படுக்க வைத்து, அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, முதுகு காட்டி நின்றான். எதிரில் ஒரு பெரியவர் குறைபட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா நீ, போன மாசம் போட்ட கண்ணாடியை ஒரு குருவி வந்து நாள் பூரா கொத்துது. வீட்ல மனுஷன் இருக்க முடியல."

"அடடா, சோப்பைத் துடைச்சுட்டீங்களா சார்? நான் தேய்ச்சு விட்டுட்டுத்தானே வந்தேன்?"

"வேலைக்கார அம்மா அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சுட்டா."

"அதான் விஷயம்." கண்ணாடிக்காரன் மேசை இழுப்பறையிலிருந்து நீலத் துணி சோப்புக் கட்டி ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தான். "தண்ணி தொடாம வெளிப்பக்கம் பூரா இதை அப்படியே தேய்ங்க. கண்ணாடி மங்கிடும். தன் மூஞ்சி தெரியலேன்னா அது பாட்டுக்குப் போயிடும். குஞ்சு பறந்தப்புறம் துடைச்சுக்கலாம். கூடு கட்டற மாசத்துல இந்தச் சரக்கு போட்டா, சோப்பு தேய்க்காம நான் ஒரு வீட்டை விட்டு எறங்கினதே இல்ல சார். என் தொழில்ல அது ஒரு நியமம்."

பெரியவர் சோப்பை வாங்கிக்கொண்டு போனார். நர்ஸ் நின்ற இடத்திலேயே நின்றாள். சுற்றியிருந்த கண்ணாடி ஒவ்வொன்றிலும் அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"என்ன இந்த நேரத்துல? தூங்கலையா?"

அந்தக் கேள்வியை அவன் கேட்ட விதம் அவளுக்குத் தெரிந்த விதம். கொடுத்த மருந்து வேலை செய்கிறதா என்று பெரிய டாக்டர் காலையில் கட்டில் கட்டிலாக வந்து கேட்பாரே, அதே விதம்.

"எனக்கு ஏண்ணே சோப்பு தேய்க்கல?"

"மறந்திருப்பேன்."

"வந்து தேய்ச்சுக் குடு."

"பாக்கலாம். கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்குது." கண்ணாடியின் மேல் அறுக்கும் கட்டரை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தான். கிரீச்சென்று கேட்டது. "ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல பொம்பளைங்க ஹாஸ்டல் இருக்குமே. அங்க இந்தக் குருவி, காக்கா தொந்தரவெல்லாம் இருக்காதுன்னு சொல்றாங்க. யோசிச்சுப் பாரு."

கோடு போட்ட கண்ணாடியை மேசை விளிம்பில் தட்டினான். சுத்தமாக இரண்டாகப் பிரிந்தது.

அழுதிருக்கலாம். சத்தம் போட்டிருக்கலாம். அவள் மேசையிலிருந்த மீதிப் பாதி சோப்பை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவன் கண்ணாடியில் பார்த்தபடியே அடுத்த கோட்டை இழுத்தான்.

வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் மொட்டை மாடிக்குப் போய், கை வலிக்க வலிக்கச் சோப்பைத் தேய்த்தாள். புதிதாக விழுந்திருந்த ரத்தத் தீற்றல் மேலும் தேய்த்தாள். கண்ணாடி பாலாடை படிந்த மாதிரி ஆனது. தண்ணீர்த் தொட்டி மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மைனா ஒரு தரம் வந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. எதிரியைக் காணோம். நேராகக் கூட்டு ஓட்டைக்குள் போனது. உள்ளே குஞ்சுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கத்தின.

அடப் பாவி, இவ்வளவுதானா! அரைக் கட்டி சோப்பு!

அறைக்குள் வந்து போனைத் தலைமாட்டில் வைத்தாள். மேட்ரன் கூப்பிடும்போது மணி கேட்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு விழுந்தவள்தான். தூக்கம் அப்படியே அவளை அமுக்கியது.

எவ்வளவு நேரம் போயிருக்குமோ, சரக், சரக் என்று ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தாள். வெள்ளையாக மங்கியிருந்த கண்ணாடியில், வெளியே ஒரு கை ஈரத் துணியால் வட்டம் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தது. அண்ணி! இன்று கையும் களவுமாக மாட்டினாள் என்று எழுந்து உட்கார்ந்தாள். வட்டம் பெரிதானது. சோப்பு வழிந்து இறங்கியது. சுத்தமான இடத்தில் முகம் தெரிந்தது.

அம்மா.

கட்டிலை விட்டு இறங்க முடியாத அம்மா. மேல் மூலை எட்டவில்லை என்று கால் கட்டைவிரலில் எக்கி நின்று துடைத்தாள். காலையில் ஒத்தடம் கொடுத்து, களிம்பு தேய்த்து, போர்வையை இழுத்து மூடிய அதே முட்டிகள்! நர்ஸ் மூச்சு விடவில்லை. அம்மா நேருக்கு நேர் அவள் கண்ணுக்குள் பார்த்தாள். பார்த்தாளே தவிர அவளுக்குத் தெரிந்தது தன் முகம்தான். நெற்றியில் விழுந்த நரைமுடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டாள். முந்தானை நுனியால் கடைசிச் சொட்டு சோப்பையும் ஒற்றி எடுத்தாள். வீட்டு வேலையை ஒழுங்காக முடித்த திருப்தி அந்த முகத்தில் இருந்தது. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு, சத்தமில்லாமல், படிப் பக்கம் போய்விட்டாள்.

குஞ்சுக்குப் புழுவைக் கவ்விக்கொண்டு வந்த மைனா கண்ணாடியைப் பார்த்தது. புழுவைக் கீழே போட்டது. டக்.

நர்ஸ் கீழே இறங்கி வந்தபோது அம்மா கட்டிலில் முட்டி வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"எழுந்துட்டியாடி? ஐயோ, இந்த முட்டி..."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போர்வையை விலக்கினாள். அம்மாவின் உள்ளங்காலில் மொட்டை மாடித் தூசி ஈரத்தோடு அப்பியிருந்தது. கையை எடுத்து முகர்ந்தாள். துணி சோப்பு.

"பேப்பரும் நீதானா?"

அம்மாவின் முனகல் சட்டென்று நின்றது. பிறகு எழுந்து உட்கார்ந்தாள், ஒரு வலியும் இல்லாத ஆளாக.

"ஆமா. நான்தான்."

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னா? உன்னை வெளிய போன்னு சொன்னா ஊர் எங்க மூஞ்சியில காறித் துப்பும். நீயாப் போனா யாருக்கும் பேச்சில்ல. உங்கண்ணன் சொன்னான், அவ மாடியைக் காலி பண்ணினா இந்தக் கட்டில் கடைசி வரைக்கும் உனக்குன்னு. இல்லேன்னா கல்யாணத்துக்கப்புறம் பேரனுக்கும் அவன் பொண்டாட்டிக்கும் இந்த ரூமாம். நான் எங்க போவேன்?"

"நான் எங்க போவேன்னு யோசிச்சியா?"

"உனக்கு வேலை இருக்கு."

"அதுவும் போகப் போகுது. நேத்து ஒரு ஆளைக் கொல்லப் பாத்தேன். தூக்கமில்லாம."

கன்னத்தைத் தடவ வந்த அம்மாவின் கையை நர்ஸ் தள்ளிவிட்டாள். அண்ணன் செய்ததைத் தாங்கிக்கொள்ள முடியும். அவன் வெளியாள் மாதிரி ஆகி எத்தனையோ காலமாகிறது. இது அப்படியா?

வாசலில் அண்ணி கரண்டியோடு நின்று சிரித்தாள். "காலையில என்னைத் திருடி மாதிரி பாத்தியே. நான் அப்பவே மாமிகிட்ட சொன்னேன், இந்த வயசுல இது வேணாம் உங்களுக்குன்னு. கேட்டாத்தானே!"

நர்ஸ் எழுந்தாள். அம்மாவின் தலையணையையும் களிம்பையும் எடுத்து அம்மா கையிலேயே கொடுத்தாள்.

"படி ஏற முடியுதுல்ல. மேல போய்ப் படு."

"என்னடி சொல்ற?"

"இந்தக் கட்டில்ல இன்னிலேர்ந்து நான். மேல ரூம்ல நீ. மைனா துணைக்கு இருக்கும். போ."

"விளையாடாதடி."

"நீயா போறியா, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விடணுமா?"

அம்மா மருமகளைப் பார்த்தாள். அண்ணி கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் அம்மா எழுந்தாள். அன்றைக்கு இரண்டாம் தரமாக அந்தப் படியில் ஏறினாள். இந்தத் தரம் ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை நின்றாள்.

கண்ணாடிக்காரன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது மாடியிலிருந்து குரல் வந்தது.

"டேய் தம்பி! இந்த மைனா மண்டையைப் பொளக்குதுடா! வந்து கொஞ்சம் சோப்பைத் தேய்டா!"

அவன் அண்ணாந்து பார்த்தான். அம்மாவின் கட்டிலில் தங்கை சுவர்ப் பக்கம் ஒடுங்கிப் படுத்திருப்பதையும் பார்த்தான். அண்ணி நடந்ததை ரெண்டே வாக்கியத்தில் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தான். நல்ல தொழில்காரன் அளவெடுக்கிற மாதிரி நிதானமாக யோசித்தான்.

"அம்மா, ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்க," என்று மேலே பார்த்துக் கத்தினான். "இப்ப சோப்பு தேய்ச்சா இவ மறுபடி மேல வந்து ஜம்முன்னு படுத்துப்பா. கீழ எத்தனை நாள் படுக்கறான்னு பாத்துடலாம்."

"எனக்குத் தூக்கம் வரலடா!"

"பகல்ல உனக்கெதுக்கும்மா தூக்கம்?"

மேலிருந்து கண்ணாடியைக் கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் மோர் ஊற்றச் சொன்னான்.

கை கழுவும்போது மறுபடி குரல் வந்தது. இந்தத் தரம் படியின் உச்சியிலிருந்து.

"ஏய், முட்டி மடங்க மாட்டேங்குதுடி... எறங்க... நெஜமாடி..."

"ஆரம்பிச்சாச்சு," என்றாள் அண்ணி.

"எல்லாம் நடிப்பு. காலையில வாளி தூக்கினாங்கல்ல," என்று அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினான். வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

நர்ஸ் தூங்கியிருக்கவில்லை. வார்டில் எத்தனையோ முனகலைக் கேட்டவள் அவள். நடிக்கிறவர் முனகல் நீளமாக இழுக்கும், யாராவது வருகிறார்களா என்று நின்று பார்த்துவிட்டு மறுபடி இழுக்கும். நிஜ வலி வந்தவர் பேச்சு பாதியிலேயே அறுந்துவிடும். அம்மாவின் பேச்சு அறுந்து அறுந்து வந்தது. ரெண்டு தரம் படியேறி, விரலில் எக்கி நின்றதில், இத்தனை நாள் பொய்யாக இருந்த வலி இன்று நிஜமாகவே வந்துவிட்டது. படி உச்சியில் உட்கார்ந்துவிட்டால் தானாக எழ முடியாது. எழப் பார்த்தால் உருண்டு விழுவாள்.

அது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மிச்சமிருந்த சோப்புத் துண்டு அவள் கைக்குள்ளேயே இருந்தது. எழுந்து போய்க் கை கொடுத்து இறக்கிவிட்டு, கண்ணாடியில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"அடியே... கண்ணு..."

அவள் புரண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். களிம்பு வாசனை அடித்த போர்வையைக் காது வரை இழுத்துக்கொண்டாள். மேலே மைனா விடாமல் கொத்தியது. இங்கே, கீழே, அது யாரோ எங்கோ கதவைத் தட்டுவது போலத்தான் கேட்டது. கண் செருகியது.

மாடி அறையில், காலியாகக் கிடந்த கட்டிலின் தலைமாட்டில் அவள் மறந்துவிட்டு வந்த போன் அடித்தது. மேட்ரன். மணி அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. படி உச்சியில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அது நன்றாகக் கேட்டது. "போன் அடிக்குதுடி" என்று சொல்ல வாயெடுத்தவள், என்ன நினைத்தாளோ, உதட்டை இறுக்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள்.